உருக்கி வளர்க்கும் மீகடத்திப் படிகம்: பொடியோடு எதைச் சேர்ப்பது?

இட்ரியம், பேரியம், செம்பு, ஆக்சிஜன் நான்கும் சேர்ந்த மீகடத்தியை (மிகக் குளிர்ந்த நிலையில் மின்தடையே இல்லாமல் மின்னோட்டத்தைக் கடத்தும் பொருள்) உருக்கி, ஒரே படிகமாக வளர்க்க நினைப்பவர்கள் பொடி கலக்கும் மேசையிலேயே ஒரு முடிவெடுத்தாக வேண்டும். அந்தப் பொடியோடு வேறென்ன சேர்ப்பது? பிளாட்டினமா, சீரியம் ஆக்சைடா, வெள்ளியா, துத்தநாகமா? ஆய்வுக் கட்டுரைகளைப் புரட்டினால் ஒவ்வொன்றுக்கும் ஒரு பாராட்டுப் பத்திரம் கிடைக்கும். எல்லாமே மின்னோட்ட அடர்த்தியைக் கூட்டியதாகத்தான் எழுதப்பட்டிருக்கும். அந்தப் பட்டியலில் மிகப் பெரிய எண்ணைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பது தவறான வழி என்பது என் உறுதியான கருத்து. வளர்க்கப் போகும் படிகம் எந்த வெப்பநிலையில், எவ்வளவு காந்தப்புலத்தில் வேலை செய்யப் போகிறது என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். 77 கெல்வினில், திரவ நைட்ரஜனில் மிதக்கப் போகும் வில்லைக்குத் தேவையானது ஒன்று. 30 கெல்வினில் 15 டெஸ்லா (காந்தப்புலத்தின் அலகு) அளவுள்ள புலத்தைத் தனக்குள் சிறைப்பிடிக்கப் போகும் வில்லைக்குத் தேவையானது வேறொன்று.

முதலில் உலைக்குள் நடப்பதைப் பார்த்துவிடுவோம். 1987-இல் கண்டறியப்பட்ட இந்தச் சேர்மத்தில் இட்ரியம், பேரியம், செம்பு மூன்றும் 1:2:3 என்ற விகிதத்தில் இருப்பதால் 123 என்பார்கள். மாறுநிலை வெப்பநிலை, அதாவது மீகடத்தல் தொடங்கும் வெப்பநிலை, சுமார் 92 கெல்வின். பொடியை அழுத்திச் சுட்டெடுத்த வில்லையில் கோடிக்கணக்கான சிறு மணிகள் தாறுமாறாகத் திரும்பிக் கிடக்கும். மணிக்கும் மணிக்கும் இடையிலுள்ள எல்லையில் மீமின்னோட்டம் தடுக்கி விழும். அதனால் 77 கெல்வினில் ஒரு சதுர சென்டிமீட்டருக்குச் சில நூறு ஆம்பியர் தாங்கினாலே பெரிது. 1988-இல் பெல் ஆய்வகத்தில் சுங்ஹோ ஜின் குழுவினர் அதை உருக்கித் திசைப்படுத்தி வளர்த்துக் காட்டினார்கள். அதற்குப் பின் ஜப்பானில் முரகாமி குழுவும் நிப்பான் ஸ்டீல் நிறுவனமும் முறையை மேம்படுத்தின. இன்று நல்ல ஒற்றைமணிப் படிகத்தில் அதே 77 கெல்வினில் பல பத்தாயிரம் ஆம்பியர் ஓடுகிறது.

123 கட்டம் பனிக்கட்டி போல அப்படியே உருகிவிடாது. காற்றில் சுமார் 1010 டிகிரி செல்சியஸைத் தாண்டியதும் அது இரண்டாகப் பிரியும். ஒரு பங்கு, பேரியமும் செம்பும் மிகுந்த திரவம். மறுபங்கு, அதே மூன்று தனிமங்களும் 2:1:1 விகிதத்தில் இருப்பதால் 211 என்று அழைக்கப்படும் திண்மத் துகள்கள். இவை பச்சை நிறம் கொண்டவை. சரியாக வளராத வில்லையின் ஓரத்தில் பச்சைப் பூச்சு தெரிந்தால், திரவம் வெளியேறி 211 மட்டும் தங்கிவிட்டது என்று பொருள். மேலே ஒரு சிறு விதைப் படிகத்தை வைத்து (சமாரியம் அல்லது நியோடிமியம் சேர்ந்த 123, ஏனென்றால் அவை இன்னும் உயர்ந்த வெப்பநிலையில்தான் பிரியும்) மணிக்கு ஒரு டிகிரிக்கும் குறைவான வேகத்தில் குளிர்வித்தால், துகள்களும் திரவமும் மறுபடி கூடி, விதையிலிருந்து கீழும் பக்கமும் படிகமாக வளரும். முழுதும் வளர்ந்த வில்லையின் மேற்பரப்பில், விதையிலிருந்து நான்கு மூலைகளுக்கும் ஓடும் கூட்டல்குறி போன்ற கோடுகள் வெறும் கண்ணுக்கே தெரியும். அந்தக் கோடுகள் விளிம்பு வரை அறுபடாமல் போயிருந்தால் படிகம் ஒற்றைமணி என்று நம்பலாம்.

கூட வேண்டிய 211 துகள்கள் அனைத்தும் கூடிவிடுவதில்லை. மிச்சம் படிகத்துக்குள்ளேயே சிக்கிக்கொள்ளும். இந்த மிச்சம்தான் நமக்கு வேண்டிய சொத்து. மீகடத்திக்குள் புகுந்த காந்தப் பாயம் மெல்லிய சுழல்களாக நிற்கும். மின்னோட்டம் ஓடும்போது அந்தச் சுழல்கள் நகரப் பார்க்கும். நகர்ந்தால் மின்தடை தோன்றிவிடும். 211 துகளுக்கும் 123 தாய்ப்பொருளுக்கும் இடையிலுள்ள எல்லை, சுழல்களுக்குப் பிடிமானம் தருகிறது. துகள்களின் மொத்த அளவு அதிகமாகவும், ஒவ்வொரு துகளும் சிறியதாகவும் இருக்க இருக்க, எல்லைப் பரப்பு கூடும், பிடிமானமும் கூடும். சேர்மானங்களைப் பற்றிய பாதிக் கதை இந்த ஒரு வரியில் அடங்கிவிடுகிறது.

ஆகவே முதல் சேர்மானம் 211-தான். இதில் விவாதமே வேண்டாம். எடையில் 25 முதல் 30 சதவீதம் 211 பொடியைத் தனியாகத் தயாரித்து 123-உடன் கலப்பது இன்று ஏறக்குறைய எல்லா ஆய்வகங்களிலும் வழக்கம். பிடிமானம் தருவதோடு, உருகிய வில்லை குழைந்து பரவிவிடாமலும், திரவம் கீழே வடிந்துவிடாமலும் அது தாங்கிப் பிடிக்கிறது. அளவுக்கு மீறினால் மீகடத்தும் பகுதி குறைந்துபோகும்.

உண்மையான தேர்வு அடுத்த கட்டத்தில்தான் தொடங்குகிறது. உருகிய நிலையில் மணிக்கணக்கில் இருக்கும்போது 211 துகள்கள் சும்மா இருப்பதில்லை. சிறியவை கரைந்து, பெரியவை மேலும் பருக்கும். ஒரு மைக்ரானுக்குள் அரைத்துப் போட்ட பொடி, படிகமாகும்போது பல மைக்ரான் துகளாக மாறியிருக்கும். இதைத் தடுக்கத்தான் பிளாட்டினமும் சீரியம் ஆக்சைடும்.

பிளாட்டினத்தின் பயன் தெரிய வந்த விதம் சுவையானது. தொடக்க காலத்தில் பொடியைப் பிளாட்டினக் கிண்ணத்தில் உருக்கினார்கள். அப்படி உருக்கியவற்றில் துகள்கள் வழக்கத்தைவிட நுண்ணியவையாக இருந்தன. கிண்ணத்திலிருந்து கரைந்து வந்த பிளாட்டினமே காரணம் என்று பிறகு தெளிவாயிற்று. எடையில் அரை சதவீதம் போதும். துகள்கள் ஒரு மைக்ரான் அளவிலேயே நிற்கும், சில ஊசி வடிவமும் எடுக்கும். பிளாட்டினம் அங்கிருக்கும் பேரியத்தோடும் செம்போடும் சேர்ந்து தனிச் சேர்மமாகப் படிந்துவிடுவதால், 123 படிகத்தின் மாறுநிலை வெப்பநிலைக்குக் கேடு வராது.

சீரியம் ஆக்சைடும் ஏறத்தாழ அதே வேலையைச் செய்கிறது. தொண்ணூறுகளில் தென்கொரியாவின் அணுசக்தி ஆய்வு நிறுவனத்தில் இதைப் பற்றி விரிவாக ஆய்ந்தார்கள். அரை முதல் ஒரு சதவீதம் சேர்த்தால், அது 123-உடன் வினைபுரிந்து பேரியம் சீரேட்டாக மாறுகிறது. அந்த வினையிலேயே புதிதாக நுண்ணிய 211-உம் பிறக்கிறது. இதில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. சீரியம், கலவையிலிருந்து பேரியத்தைப் பிடுங்கிக்கொள்கிறது. ஒரு சதவீதத்துக்குள் இருந்தால் அது பொருட்டல்ல. ‘கொஞ்சம் கூடப் போட்டால் இன்னும் நுண்மையாகும்’ என்று இரண்டு, மூன்று என்று ஏற்றிக்கொண்டே போனால், கலவையின் விகிதமே சாய்ந்துவிடும்.

இரண்டில் எது? பிடிமானத்தில் பிளாட்டினம் சற்று மேல் என்று சிலர் சொல்வார்கள். அந்த வித்தியாசம் பொடியை அரைப்பதிலும் குளிர்விக்கும் வேகத்திலும் வரும் ஏற்ற இறக்கத்துக்குள்ளேயே மறைந்துவிடுகிறது என்பது என் எண்ணம். விலையிலோ இரண்டும் ஒப்பிடவே முடியாத தூரத்தில் நிற்கின்றன. ஒரு வளர்ப்பு முழுதாக வெற்றி பெறுவதற்கு முன் பல வில்லைகள் வீணாகப் போகும் என்பதையும் கணக்கில் சேருங்கள். இட்ரியம் படிகத்துக்குச் சீரியம் ஆக்சைடுதான் என் தேர்வு, தயக்கமில்லாமல். இட்ரியத்துக்குப் பதில் கேடோலினியம் சேர்ந்த படிகத்தில் மட்டும் நிலைமை வேறு. அங்கே பல ஆண்டுகளாகப் பிளாட்டினத்தை வைத்தே கலவைகள் சீர்செய்யப்பட்டிருக்கின்றன. மற்றவர்களின் முடிவுகளோடு ஒப்பிட வேண்டும் என்றால் அதே வழியில் போவது நல்லது.

துகளைச் சிறிதாக்குவதற்கும் ஓர் எல்லை உண்டு. வளரும் படிகத்தின் முகப்பு, எதிரில் வரும் துகளை விழுங்கும் அல்லது தள்ளிக்கொண்டு போகும். குறிப்பிட்ட அளவுக்குக் கீழான துகள்களைத் தள்ளிவிடும், பெரியவற்றை விழுங்கும். வளர்ச்சி மெதுவாக இருந்தால் தள்ளும் போக்கு கூடுதல். அதனால்தான் விதைக்குப் பக்கத்தில் 211 குறைவாகவும், விளிம்பை நோக்கிப் போகப் போக அதிகமாகவும் காணப்படுகிறது. மெருகேற்றிய குறுக்குவெட்டை நுண்ணோக்கியில் வைத்து மையத்திலிருந்து ஓரத்துக்கு நகர்த்திப் பாருங்கள். வெறிச்சோடிய பரப்பில் ஆங்காங்கே புள்ளிகள் தோன்றி, பிறகு அடர்ந்து, ஓரத்தில் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும். ஒரே படிகத்துக்குள் ஒரு மூலையில் வெட்டிய துண்டும் விதைக்குக் கீழே வெட்டிய துண்டும் தருகிற மின்னோட்ட அடர்த்தி இதனாலேயே வேறுபடுகிறது. இரு சேர்மானங்களை ஒப்பிடும் கட்டுரையில் துண்டு எங்கிருந்து வெட்டப்பட்டது என்று சொல்லப்படவில்லை என்றால், அந்த ஒப்பீட்டை நான் நம்புவதில்லை.

இனி வெள்ளி. இதுவரை பேசியவை எல்லாம் பிடிமானத்துக்கானவை. வெள்ளியின் வேலை வேறு வகை. படிகத்தின் உடலைக் காப்பாற்றுவதற்கே அதைச் சேர்க்கிறோம்.

மீகடத்தி வில்லை ஒரு பீங்கான். அதற்குள் சிறைப்பட்ட காந்தப்புலம், வளையமாக ஓடும் மின்னோட்டத்தை வெளிப்புறமாகத் தள்ளுகிறது. அந்த அழுத்தம் புலத்தின் இருமடியாக ஏறும். 1 டெஸ்லாவில் அதைப் பொருட்படுத்த வேண்டியதில்லை. 10 டெஸ்லாவை நெருங்கும்போது அது சுமார் 30 மெகாபாஸ்கல் ஆகிவிடும். படிகத்தின் இழுவிசைத் தாங்குதிறனே ஏறத்தாழ அவ்வளவுதான். ஆக, குளிர்வித்து மின்னோட்ட அடர்த்தியை எவ்வளவு கூட்டினாலும், அந்த இடத்தில் படிகம் பிளந்துவிடும். வளர்த்து முடிந்ததும் 450 டிகிரிக்குப் பக்கத்தில் நாள்கணக்கில் ஆக்சிஜன் ஏற்றும்போதே அணிக்கோவை (அணுக்களின் ஒழுங்கான அடுக்கமைப்பு) சுருங்கி, அடுக்குகளுக்கு இணையாக நுண்விரிசல்கள் விழுந்திருக்கும். பிளவு அங்கிருந்துதான் தொடங்கும்.

எடையில் 10 முதல் 15 சதவீதம் வெள்ளி ஆக்சைடு சேர்த்தால், சூடேறும்போது அது வெள்ளியாகப் பிரிந்து, உருகிய கலவையில் தனித் துளிகளாக நிற்கும். படிகம் வளரும்போது உள்ளே சிக்கிக்கொள்ளும். குறுக்குவெட்டில் இதைப் பார்ப்பது கண்ணுக்கு விருந்து. கறுத்த பரப்பில் 211 துகள்கள் மங்கலாகத் தெரிய, வெள்ளி மட்டும் பளீரென்று மின்னும். துளைகளுக்குள் நிறைந்திருக்கும், விரிசலின் பாதையில் குறுக்கே நிற்கும். வெள்ளி வளைந்து கொடுப்பதால் விரிசல் அங்கே வந்து நின்றுவிடுகிறது. அணிக்கோவைக்குள் வெள்ளி குறிப்பிடத்தக்க அளவில் நுழையாததால் மாறுநிலை வெப்பநிலையும் அப்படியே இருக்கிறது. திடீரென்று சுழல்கள் நகர்ந்து சூடு கிளம்பும்போது அதைக் கடத்திப் பரப்பவும் வெள்ளி உதவுகிறது.

இதற்கு விலை உண்டு, பணவிலையை மட்டும் சொல்லவில்லை. வெள்ளி கலந்தால் 123 பிரியும் வெப்பநிலை 30 டிகிரி அளவுக்குக் கீழே இறங்கிவிடும். விதை உருகிவிடும் அபாயம் குறைகிறது என்ற வகையில் இது நன்மை. ஏற்கெனவே உயர்ந்த வெப்பநிலையில் பிரியும் கேடோலினியம் படிகத்துக்கு மிகப் பெரிய நன்மை. ஆனால் வெள்ளியில்லாத கலவைக்கு நீங்கள் பாடுபட்டுக் கண்டுபிடித்த வெப்ப அட்டவணை இனிமேல் செல்லாது. எந்தப் புள்ளியில் மெதுவாகக் குளிர்விக்கத் தொடங்குவது என்பதைப் புதிதாகத் தேட வேண்டும். வளர்ச்சி வேகமும் குறையும். அவசரப்பட்டால் ஓரங்களில் அழையா மணிகள் முளைத்து, அந்தக் கூட்டல்குறிக் கோடு பாதியில் அறுந்துபோகும். இன்னொன்று, துளையும் விரிசலும் குறைந்த படிகத்துக்குள் ஆக்சிஜன் நுழையவும் கூடுதல் நேரம் பிடிக்கும்.

உலகச் சாதனைகளின் வரிசையைப் பார்த்தால் வெள்ளியின் இடம் புரியும். 2001-இல் ஜெர்மனியின் டிரெஸ்டனில் துத்தநாகமும் வெள்ளியும் சேர்த்த இட்ரியம் வில்லைகள் இரண்டை எஃகுக் குழாயில் இறுக்கி, நடுவில் 24 கெல்வினில் 16 டெஸ்லாவைச் சிறைப்பிடித்தார்கள். 2003-இல் டோமிடாவும் முரகாமியும் வேறு பாதையில் போனார்கள். வளர்ந்த படிகத்தின் விரிசல்களுக்குள் ரெசினையும், எளிதில் உருகும் உலோகக் கலவையையும் புகுத்தி 29 கெல்வினில் 17.24 டெஸ்லாவைத் தொட்டார்கள். 2014-இல் கேம்பிரிட்ஜ் குழுவினர் வெள்ளி சேர்த்த கேடோலினியம் வில்லைகள் இரண்டை எஃகு வளையத்துக்குள் சூட்டிறுக்கமாகப் பொருத்தி, 26 கெல்வினில் 17.6 டெஸ்லா வரை கொண்டு போனார்கள். இந்த மூன்று வெற்றிகளிலும் படிகத்தை உடையாமல் காக்க ஓர் ஏற்பாடு இருக்கிறது. 13 ஆண்டுகளில் 16-லிருந்து 17.6-க்கு மட்டுமே நகர முடிந்தது என்பதையும் பாருங்கள். இந்த இடத்தில் முட்டுக்கட்டை பிடிமானத்தில் இல்லை, வலிமையில்தான் இருக்கிறது.

அந்த டிரெஸ்டன் வில்லையில் இருந்த துத்தநாகத்தின் செயல் முற்றிலும் வேறானது. செம்பு இருக்க வேண்டிய இடத்தில் அது போய் உட்கார்ந்து, சுற்றியுள்ள சின்னஞ்சிறு வட்டாரத்தில் மீகடத்தலையே குலைத்துவிடுகிறது. அந்தக் குலைந்த புள்ளிகள் நானோமீட்டர் அளவிலான பிடிமான மையங்களாகின்றன. 211 துகள்கள் குறைந்த புலத்தில் நன்றாக உதவும். துத்தநாகமோ ஓரிரு டெஸ்லாவுக்கு மேல், நடுத்தரப் புலத்தில், மின்னோட்ட அடர்த்தியைத் தூக்கி நிறுத்துகிறது. லித்தியம், நிக்கல் போன்றவற்றையும் இதே நோக்கில் சேர்த்துப் பார்த்திருக்கிறார்கள்.

ஆனால் இது கத்தியின் மேல் நடப்பது. செம்பு அணுக்களில் நூற்றுக்கு ஒன்று துத்தநாகமானாலே மாறுநிலை வெப்பநிலை சுமார் 10 கெல்வின் சரிந்துவிடும். 77 கெல்வினில் வேலை செய்ய வேண்டிய படிகத்துக்கு அந்த இழப்பு தாங்காது. எனவே எடையில் ஆயிரத்தில் ஒரு பங்கு என்ற அளவில்தான் சேர்க்க முடியும். அவ்வளவு சிறிய அளவை வில்லை முழுவதும் சீராகக் கலக்க வேண்டும். அதைவிட முக்கியமாக, நீங்கள் அறியாமல் ஏற்கெனவே என்னென்ன சேர்ந்திருக்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும். எஃகு உருண்டை போட்டு அரைத்தால் இரும்பும் நிக்கலும் வரும். உருகிய பேரியம்-செம்புத் திரவம் அலுமினாத் தட்டை அரித்து அலுமினியத்தை இழுத்துக்கொள்ளும். அதனால்தான் வில்லைக்கு அடியில் இட்ரியம் ஆக்சைடு அல்லது இட்டெர்பியம் ஆக்சைடு பொடியைப் பரப்பி வைப்பார்கள். இந்த அழுக்குகளெல்லாம் போய்ச் சேரும் இடம் செம்பின் இடமே. அவற்றைக் கட்டுக்குள் கொண்டுவராத ஆய்வகம் துத்தநாகத்தைத் தொட வேண்டாம் என்பேன். வரும் முடிவு துத்தநாகத்தினாலா, அரைக்கும் உருண்டையினாலா என்று யாராலும் சொல்ல முடியாது.

யுரேனியத்தை ஒரு வார்த்தையில் முடித்துவிடலாம். ஹூஸ்டன் பல்கலைக்கழகத்தில் வைன்ஸ்டைன் குழுவினர் யுரேனியத்தைச் சேர்த்து வளர்த்து, பிறகு நியூட்ரான் பாய்ச்சி, அணுப்பிளவுத் துண்டுகள் உழுத தடங்களையே பிடிமானமாக்கினார்கள். பலன் அபாரம்தான். அணு உலையும் கதிரியக்கமும் கூடவே வருகின்றன, சாதாரண ஆய்வகத்துக்கு இது எட்டாக்கனி. நமக்கு வேண்டிய பாடம் அதன் பக்கவிளைவில் கிடைத்தது. கதிர்வீச்சு இல்லாமலேயே யுரேனியச் சேர்மத் துகள்கள் சில நூறு நானோமீட்டரிலேயே நின்றன, பருக்கவில்லை. யுரேனியத்தின் இடத்தில் நியோபியம், டங்ஸ்டன், மாலிப்டினம், சிர்கோனியம் போன்றவற்றை வைத்துக் கேம்பிரிட்ஜில் ஒரு சேர்மக் குடும்பத்தையே உருவாக்கினார்கள். 2411 என்று பெயர். அந்தப் பொடியைத் தனியே தயாரித்து 123-உடன் கலந்தால், உருகிய நிலையிலும் கரையாமல், தாய்ப்பொருளோடு வினைபுரியாமல், நானோ அளவிலேயே தங்கிவிடும். சீரியம் ஆக்சைடு கலவையில் கைதேர்ந்தவர்கள் அடுத்து எடுத்து வைக்க வேண்டிய படி இதுதான் என்று நினைக்கிறேன். பொடித் தயாரிப்பில் உழைப்பு இரட்டிப்பாகும், ஆனால் செம்பின் இடத்தைக் குலைக்காமல் பிடிமானம் கூடுகிறது.

இட்ரியத்துக்குப் பதில் கேடோலினியம், சமாரியம், நியோடிமியம் ஆகியவற்றை எடுப்பவர்களுக்கு இன்னொரு தலைவலி. இந்தப் பெரிய அயனிகள் பேரியத்தின் இடத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும், மாறுநிலை வெப்பநிலை இறங்கிவிடும். ஆக்சிஜன் குறைந்த வளிமத்தில் வளர்ப்பது ஒரு தீர்வு. காற்றிலேயே வளர்க்க வேண்டுமானால் ஒரு சதவீத அளவில் பேரியம் பெராக்சைடு சேர்த்து, பேரியத்தைத் தட்டுப்பாடில்லாமல் வைத்திருக்க வேண்டும்.

இப்போது முடிவுக்கு வருவோம். கல்லூரி ஆய்வகம், ஒரு பெட்டி உலை, திரவ நைட்ரஜன், காந்தத்தின் மேல் மிதக்க வைப்பதும் மிதப்பு விசையை அளப்பதும்தான் நோக்கம் என்றால்: இட்ரியம் 123 எழுபத்தைந்து பங்கு, 211 இருபத்தைந்து பங்கு, அரை சதவீதம் சீரியம் ஆக்சைடு. வெள்ளி வேண்டாம். அந்தப் புலத்தில் படிகம் உடையப் போவதில்லை, வளர்ப்பதுதான் கடினமாகும். திரவ நைட்ரஜனிலேயே பெரிய புலம் வேண்டுமென்றால், சேர்மானத்தை மாற்றுவதற்கு முன் வில்லையின் விட்டத்தைக் கூட்டப் பாருங்கள். ஒரே மின்னோட்ட அடர்த்தியில் அகலமான படிகம் அதிகப் புலத்தைச் சிறைப்பிடிக்கும். ஜப்பானில் 2005-இல் 65 மில்லிமீட்டர் கேடோலினியம் படிகம் ஒன்று 77 கெல்வினில் 3 டெஸ்லாவைத் தாண்டியது. அந்த அளவுக்குப் போகும்போது வெள்ளி தேவைப்படும், ஏனென்றால் பெரிய படிகம் குளிரும்போதே விரிசல் விடத் தயாராக இருக்கும்.

குளிர்விப்பான் வாங்கி 30 கெல்வினுக்கு இறங்கப் போகிறவர்கள் தொடக்கத்திலிருந்தே வெள்ளியோடு வளர்க்கப் பழகட்டும். எஃகு வளையத்தையும் அதே திட்டத்தில் எழுதிக்கொள்ளட்டும். வளையமில்லாத வெள்ளிப் படிகமும் 10 டெஸ்லா வட்டாரத்தில் பிளந்துவிடக்கூடும்.

எதைத் தேர்ந்தாலும், அதே தொகுதிப் பொடியில் சேர்மானம் இல்லாத ஒரு வில்லையை அதே வகை விதையோடு வளர்த்துக்கொள்ளுங்கள். வெள்ளி கலந்ததென்றால் இரண்டையும் ஒரே உலை ஓட்டத்தில் வைக்க முடியாது, வெப்ப அட்டவணை வேறு. சீரியத்துக்கு வைக்கலாம், வித்தியாசம் சிறிதுதான். இரண்டையும் ஒரே நாள்கணக்கில் ஆக்சிஜன் ஏற்றி, விதையிலிருந்து ஒரே தொலைவில், ஒரே வளர்ச்சிப் பகுதியில் துண்டு வெட்டி அளந்து பாருங்கள்.